எலெக்ட்ரிக் காரில் ஃபாஸ்டேக்கை எங்கே ஒட்டணும்? ஸ்டிக்கர் தாளை உரிக்கும் முன் இதைப் படிங்க!

புது எலெக்ட்ரிக் கார் வாங்கியாச்சு. பச்சை நம்பர் பிளேட் மாட்டியாச்சு. ஃபாஸ்டேக் கணக்கில் பணமும் போட்டாச்சு. ஆனாலும் சுங்கச்சாவடிக்குப் போனால் தடுப்புக் கட்டை மட்டும் மேலே எழும்ப மாட்டேங்குது. பின்னால் நிற்கிற வண்டி ஹாரன் அடிக்குது. ஊழியர் கையில் ரீடர் கருவியோடு ஓடி வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் காட்டினால் உடனே 'பீப்' சத்தம், கட்டை திறக்கிறது. அடுத்த டோல்கேட்டிலும் இதே கதைதான்.

இப்படி நடந்தால் முதலில் திட்டு வாங்குவது ஃபாஸ்டேக் கொடுத்த வங்கி. அடுத்தது டோல்கேட் ஊழியர். ஆனால் சில கார்களில் உண்மையான காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். அதுதான் காரின் முன்கண்ணாடி. இந்தச் சிக்கல் ஏன் வருகிறது, ஃபாஸ்டேக்கை எந்த இடத்தில் ஒட்டினால் சரியாக வேலை செய்யும், தப்பான இடத்தில் ஒட்டினால் என்ன நஷ்டம்? முழு விவரம் இங்கே.

சுருக்கமான பதில் என்ன?

முன்கண்ணாடியின் உள்பக்கம், மேல் பகுதியில், நடுவில், ரியர் வியூ மிரருக்குப் பின்னால் அல்லது அதை ஒட்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். பெட்ரோல் காருக்கும் டீசல் காருக்கும் இதேதான் விதி. ஆனால் எலெக்ட்ரிக் கார் என்றால், ஒட்டும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

• முன்கண்ணாடிக்குள் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கிறதா?
• மிரருக்குப் பின்னால் கேமரா, மழை சென்சார் இருக்கிறதா?
• ஒட்டப் போகும் இடம் கூரையின் இரும்பு விளிம்புக்கு மிக அருகில் இருக்கிறதா?

இதை ஏன் முன்கூட்டியே பார்க்கணும்? ஃபாஸ்டேக் ஒரு தடவை ஒட்டினால் ஒட்டியதுதான். இடம் சரியில்லை என்று உரித்து வேறு இடத்தில் ஒட்ட முடியாது. ஒரு வண்டியின் டேக்கை எடுத்து இன்னொரு வண்டியில் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, உரித்தால் செயலிழக்கும்படிதான் அதைத் தயாரிக்கிறார்கள். அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்க உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

ஃபாஸ்டேக் எப்படி வேலை செய்கிறது?

ஃபாஸ்டேக் ஸ்டிக்கருக்குள் பேட்டரி எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது ஒரு சின்ன சிப், அதைச் சுற்றி மெல்லிய ஆண்டெனா. அவ்வளவுதான். சுங்கச்சாவடி லேனுக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கும் ரீடர் கருவி ரேடியோ அலைகளை அனுப்பும். அந்த அலையில் இருந்தே டேக் தனக்கு வேண்டிய மின்சக்தியை எடுத்துக்கொண்டு, தன் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்பும். இந்த எண் தேசிய மின்னணு சுங்க வசூல் அமைப்பு வழியாக, டேக் வழங்கிய வங்கிக்குப் போகிறது. அங்கே பணம் கழிக்கப்படுகிறது. இதெல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

இந்தியாவில் இதற்குப் பயன்படுவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ரீடரில் இருந்து டேக்குக்கு வந்து சேரும் சக்தி ரொம்பக் குறைவு. டேக் திருப்பி அனுப்பும் பதில் அதை விடக் குறைவு. அதனால் நடுவில் எது குறுக்கே வந்தாலும் பாதிப்பு உடனே தெரியும். சாதாரணக் கண்ணாடி, பிளாஸ்டிக் இரண்டையும் இந்த அலைகள் எளிதாகக் கடந்துவிடும். உலோகம் என்றால் முடியாது. உலோகத்தில் பட்டால் அலை திரும்பிவிடும்.

ரீடர் மேலே இருந்து கீழ்நோக்கிச் சாய்வாகப் பார்க்கிறது. கண்ணாடியின் மேல் நடுப்பகுதியில் டேக் இருந்தால் ரீடருக்கு நேராகத் தெரியும். கீழே டாஷ்போர்டுக்குப் பக்கத்திலோ, ஓரத்தில் இரும்புத் தூணுக்குப் பக்கத்திலோ ஒட்டினால் அந்த நேர்ப்பார்வை கிடைக்காது. மேல் நடுப்பகுதியில் ஒட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எலெக்ட்ரிக் காருக்கு மட்டும் என்ன தனிச் சிக்கல்?

இங்கே ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். எலெக்ட்ரிக் காரின் பேட்டரியோ மோட்டாரோ ஃபாஸ்டேக் சிக்னலைக் கெடுப்பதில்லை. டேக்கால் கார் பேட்டரி சார்ஜும் குறையாது. சிக்கல் கண்ணாடியில்தான் இருக்கிறது.

பெட்ரோல் காரில் ஏசி ஓட இன்ஜின் சக்தி தருகிறது. எலெக்ட்ரிக் காரில் ஏசிக்கும் அதே பேட்டரிதான். வெயிலில் கேபின் சூடாகச் சூடாக ஏசி அதிகம் உழைக்கணும். ஏசி அதிகம் உழைத்தால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் வெப்பத்தை உள்ளே விடாத கண்ணாடிக்குக் கார் நிறுவனங்கள் முக்கியத்துவம் கொடுக்கின்றன.

காரின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியிருப்பார்கள். வெப்பத்தைத் தடுக்க இதில் இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, வெப்பக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும் பிளாஸ்டிக் படலத்தை நடுவில் வைப்பது. இதில் உலோக அடுக்கு இல்லை என்றால் ஃபாஸ்டேக்குக்குப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது வழி, வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பும் மிக மிக மெல்லிய உலோகப் பூச்சு. இதில் பெரும்பாலும் வெள்ளி அடுக்குகள் இருக்கும். கண்ணுக்குப் பூச்சு இருப்பதே தெரியாது, வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும். ஆனால் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புகிற அதே பூச்சு, ஃபாஸ்டேக்கின் ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எல்லா எலெக்ட்ரிக் காரிலும் இந்தப் பூச்சு இருக்காது. விலை உயர்ந்த சில பெட்ரோல், டீசல் கார்களிலும் இது உண்டு. ஒரே மாடலில்கூட ஒரு வேரியண்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் காரில் வேலை செய்கிறது என்பதை வைத்து உங்கள் காருக்கு முடிவு எடுக்க முடியாது.

பூச்சு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1. உரிமையாளர் கையேட்டைப் பாருங்க. பூச்சுள்ள கண்ணாடி இருந்தால், டோல் டேக், பார்க்கிங் டேக் போன்றவற்றை எங்கே ஒட்டலாம் என்று கையேட்டிலேயே படம் போட்டுக் காட்டும் வழக்கம் உண்டு. கண்ணாடி, மிரர், கேமரா பற்றிய பக்கங்களில் தேடுங்க.

2. கண்ணாடியை வெளியே இருந்து சாய்வாகப் பாருங்க. பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் ஊதா, சிவப்பு அல்லது பொன் நிறத்தில் பளபளப்பு தெரிந்தால் பூச்சு இருக்க வாய்ப்பு அதிகம். மிரருக்குப் பின்னால் மட்டும் அந்தப் பளபளப்பு இல்லாமல் ஒரு சின்னக் கட்டம் தெரிந்தால், அதுதான் நீங்கள் தேடும் இடம்.

3. ஜிபிஎஸ் வசதியுள்ள டேஷ்கேம் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் மட்டும் சிக்னல் பிடிக்கத் திணறுகிறதா? அதுவும் ஓர் அறிகுறி.

4. கண்ணாடியின் மூலையில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் தரக் குறியீடுகளும் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்து சர்வீஸ் சென்டரில் காட்டி, "இந்தக் கண்ணாடியில உலோகக் கோட்டிங் இருக்கா? டேக் ஒட்ட இடம் விட்டிருக்காங்களா?" என்று நேரடியாகக் கேளுங்க.

பூச்சு இருந்தால் டேக்கை எங்கே ஒட்டுவது?

பூச்சுள்ள கண்ணாடியைச் செய்கிறவர்களுக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். அதனால் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் பூச்சு இல்லாமல் விடுவார்கள். பெரும்பாலும் இது ரியர் வியூ மிரருக்குப் பின்னால், கறுப்புப் புள்ளிகள் அச்சிட்ட பகுதியை ஒட்டி இருக்கும். ரேடியோ அலைக்கு அது ஒரு ஜன்னல் மாதிரி. ஃபாஸ்டேக் முழுவதும் அந்த ஜன்னலுக்குள் அடங்க வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே என்று ஒட்டினால் ஆண்டெனாவின் ஒரு பகுதி பூச்சுக்குப் பின்னால் போய்விடும்.

கறுப்புப் புள்ளிகள் உலோகமா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். அது கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட ஒருவகை பீங்கான் பெயின்ட். அதனால் சிக்னல் தடைபடுவதில்லை. ஆனால் அந்த இடம் வழுவழுப்பாக இல்லாததால் பசை பிடிப்பது கொஞ்சம் குறையும். பக்கத்தில் பூச்சில்லாத தெளிவான கண்ணாடி இருந்தால் அங்கே ஒட்டுவது நல்லது. வேறு இடமே இல்லை என்றால், கறுப்புப் பகுதியை நன்றாகத் துடைத்து, அழுத்தி ஒட்டணும்.

கேமரா இருக்கும் கார்களில் கவனம்!

லேன் மாறினால் எச்சரிப்பது, முன்னால் வண்டி நின்றால் தானாக பிரேக் போடுவது போன்ற 'அடாஸ்' வசதிகள் இப்போது பல எலெக்ட்ரிக் கார்களில் வருகின்றன. இவற்றுக்குக் கண் போல இருப்பது மிரருக்குப் பின்னால் உள்ள கேமரா. அதாவது, ஃபாஸ்டேக் ஒட்ட நல்ல இடம் எதுவோ, அதே இடத்தைக் கேமராவும் பிடித்து வைத்திருக்கிறது.

இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியது ஃபாஸ்டேக்தான். கேமராவுக்கு முன்னால் உள்ள தெளிவான கண்ணாடிப் பகுதியில் டேக்கின் ஓரம்கூடப் படக்கூடாது. டேக் படிக்கவில்லை என்றால் டோல்கேட்டில் சில நிமிடம் போகும். கேமரா மறைந்தால் பிரேக் உதவி கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைக்காமல் போகலாம். மழை சென்சாருக்கும், ஹெட்லைட்டைத் தானாகப் போடும் வெளிச்ச சென்சாருக்கும் இதே விதிதான். இவை மூன்றும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் இருந்தால், அந்தப் பெட்டிக்கு இடப்பக்கம், அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்து சீட் பக்கமாக, மேலேயே ஒட்டுவது பாதுகாப்பு. ஓட்டுநரின் பார்வையும் மறையாது.

வெளிநாட்டு வீடியோ பார்த்து ஒட்டுறீங்களா?

இணையத்தில் எலெக்ட்ரிக் கார், டோல் டேக் என்று தேடினால் நிறைய அமெரிக்க வீடியோக்கள் வரும். அங்கே இந்தச் சிக்கல் பழையது. டெஸ்லாவின் மாடல் எஸ் கையேடு, டோல் டேக்கை ரியர் வியூ மிரரின் 'பயணி பக்கம்' ஒட்டச் சொல்கிறது. வெளியே நம்பர் பிளேட்டில் பொருத்தும், மழை தாங்கும் டேக்கையும் பயன்படுத்தலாம் என்கிறது. கண்ணாடி வழியாக சிக்னல் போகாத கார்களுக்கு வெளியே மாட்டும் டேக்கை அமெரிக்காவின் 'ஈ-இசட் பாஸ்' அமைப்பும் தருகிறது.

இதை அப்படியே இங்கே செய்ய முடியாது. இரண்டு காரணம். ஒன்று, அமெரிக்காவில் ஸ்டீயரிங் இடது பக்கம், பயணி பக்கம் என்றால் வலது. நம்ம ஊரில் பயணி பக்கம் என்றால் இடது. வீடியோவைப் பார்த்து வலப்பக்கம் ஒட்டினால் டேக் உங்கள் கண்ணுக்கு எதிரே வந்து நிற்கும். இரண்டாவது, கார்களுக்கான ஃபாஸ்டேக்கை முன்கண்ணாடியின் உள்பக்கம்தான் ஒட்ட வேண்டும் என்பது இந்திய விதி. நம்பர் பிளேட், பம்பர், ஹெட்லைட் எதிலும் ஒட்டக் கூடாது.

கையில் பிடித்துக் காட்டினால் போதாதா?

போதாது. "டேக்கை ஒட்டாம டாஷ்போர்டுல வெச்சிருக்கேன், டோல்கேட் வந்தா எடுத்துக் காட்டிக்குவேன்" என்று நினைத்தால் பணம் போகும். முன்கண்ணாடியில் வேண்டுமென்றே ஃபாஸ்டேக் ஒட்டாமல் வருகிறவர்களிடம் இரண்டு மடங்கு கட்டணம் வசூலிக்கும்படி தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. இப்படி வரும் வண்டிகளின் பதிவு எண்ணை சிசிடிவி காட்சியோடு பதிவு செய்யவும் சொன்னது. 2025 ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே போய், கையில் பிடித்துக் காட்டும் டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது.

செல்லோ டேப், பிளாஸ்டிக் உறை, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ஹோல்டர் இவற்றில் வைத்தாலும் டேக் 'ஒட்டப்பட்டது' ஆகாது. பூச்சுள்ள கண்ணாடி வைத்திருப்பவர்கள்தான் இந்த வலையில் அதிகம் சிக்குவார்கள். ஒட்டினால் படிக்கவில்லை, கையில் எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் படிக்கிறது என்றதும், அதையே வழக்கமாக்கிக்கொள்ளத் தோன்றும். ஆனால் விதியின் பார்வையில், டேக்கை இரண்டு கார்களுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவரும் இவரும் ஒன்றுதான்.

தப்பான இடத்தில் ஒட்டினால் எவ்வளவு நஷ்டம்?

தேசிய நெடுஞ்சாலை சுங்கச்சாவடிகளில் எல்லா லேன்களும் 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் ஃபாஸ்டேக் லேன்களாக மாறிவிட்டன. செல்லுபடியாகும் டேக் இல்லாமல் வந்தால் அபராதக் கட்டணம். 2025 நவம்பர் 15 அன்று அமலான விதியின்படி கணக்கு இப்படி இருந்தது:

• ஃபாஸ்டேக் வழியாகக் கட்டணம் 100 ரூபாய் என்றால்,
• டேக் இல்லாமல் பணமாகக் கட்டினால் 200 ரூபாய்,
• யுபிஐ மூலம் கட்டினால் 125 ரூபாய்.

சென்னையில் இருந்து திருச்சி பக்கம் போகிறவர்கள் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகளைக் கடக்கணும். ஒவ்வொன்றிலும் டேக் படிக்கவில்லை என்றால், ஒரே பயணத்தில் எத்தனை முறை நின்று, எத்தனை முறை வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வருடாந்திர பாஸ் எடுப்பவர்களுக்கும் இது முக்கியம். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான இந்த பாஸ், ஓராண்டு அல்லது 200 கடப்புகள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். வணிகப் பயன்பாடு இல்லாத கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. டேக் முன்கண்ணாடியில் முறையாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும், வண்டியின் பதிவு எண்ணோடு இணைந்திருக்க வேண்டும், கறுப்புப் பட்டியலில் இருக்கக் கூடாது.

எலெக்ட்ரிக் காருக்கு டோலே கிடையாது என்கிறார்களே?

பச்சை நம்பர் பிளேட் என்றால் டோல் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. தேசிய நெடுஞ்சாலைகளில் எலெக்ட்ரிக் காருக்கும் மற்ற கார்களுக்கும் ஒரே கட்டணம்தான். மகாராஷ்டிர அரசு 2025 ஆகஸ்டில் அடல் சேது, மும்பை - புனே விரைவுச்சாலை, சம்ருத்தி விரைவுச்சாலை ஆகியவற்றில் எலெக்ட்ரிக் கார்களுக்குச் சுங்க விலக்கு கொடுத்தது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

டேக் படிக்கவில்லை: தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

டோல்கேட்டில் கட்டை திறக்கவில்லை என்றால், நடப்பதைக் கவனித்தாலே காரணம் ஓரளவு புரிந்துவிடும்.

*மேலே உள்ள ரீடர் படிக்கவில்லை, ஆனால் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்த கை ரீடர் படிக்கிறது. பல டோல்கேட்டில் இப்படியே நடக்கிறது:* டேக் நல்ல நிலையில் இருக்கிறது. ஒட்டிய இடத்திலோ கண்ணாடியிலோதான் சிக்கல். டேக்கை மாற்றும்போது இடத்தையும் மாற்றணும்.

*ஒரே ஒரு டோல்கேட்டில் மட்டும் படிக்கவில்லை:* அங்குள்ள கருவியில் கோளாறு இருக்கலாம். வேறு லேனில் ஒரு முறை போய்ப் பாருங்க.

*கை ரீடரும் படிக்கவில்லை, எந்த டோல்கேட்டிலும் படிக்கவில்லை:* டேக் பழுதாகியிருக்கலாம். மடங்கியிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பாருங்க. மாற்று டேக்குக்கு வங்கியிடம் விண்ணப்பிக்கணும். உலோகப் பூச்சுக்கு நேர் பின்னால் முழுவதுமாக ஒட்டியிருந்தாலும் இதே நிலை வரலாம்.

*டேக்கைப் படிக்கிறது, ஆனால் 'பிளாக்லிஸ்ட்' என்று காட்டுகிறது:* இடத்துக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் இல்லை. இருப்புத் தொகை, கேஒய்சி, பதிவு எண் இணைப்பு ஆகியவற்றைச் சரிபார்க்கணும்.

இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் பணமும் மிச்சமாகும். 2018 மே மாதம் திருத்தப்பட்ட சுங்கக் கட்டண விதியின்படி, உங்கள் டேக் நல்ல நிலையில் இருந்து, கணக்கில் போதுமான பணமும் இருந்து, சுங்கச்சாவடியின் கருவி கோளாறால் மட்டுமே கட்டணம் எடுக்க முடியவில்லை என்றால், வண்டியைக் கட்டணமின்றி விட வேண்டும். பூஜ்ஜியத் தொகை ரசீதும் தர வேண்டும். ஆனால் முன்னாலும் பின்னாலும் போகிற வண்டிகளை அதே ரீடர் சரியாகப் படித்து, உங்கள் காரை மட்டும் படிக்கவில்லை என்றால் இந்த விதியைக் காட்டி வாதாடுவது கஷ்டம். தவறாக இரண்டு மடங்கு எடுத்துவிட்டார்கள் என்றால் எஸ்எம்எஸ், ரசீது இரண்டையும் பத்திரப்படுத்தி, டேக் வழங்கிய வங்கியிடம் புகார் செய்யலாம். நெடுஞ்சாலை உதவி எண் 1033.

ஒட்டும் முறை: படிப்படியாக

1. பழைய டேக் ஏதாவது கண்ணாடியில் இருந்தால் முதலில் அகற்றுங்க. ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கணும்.

2. அபார்ட்மென்ட், அலுவலக பார்க்கிங் ஸ்டிக்கர்களிலும் இப்போது இதே மாதிரி சிப் வருகிறது. அதன் மேலேயோ, ஒட்டி உரசியோ ஃபாஸ்டேக்கை ஒட்டாதீங்க. ஒன்றின் ஆண்டெனா இன்னொன்றைப் பாதிக்கும். பூச்சில்லாத ஜன்னல் சின்னதாக இருந்தால் அந்த இடத்தை ஃபாஸ்டேக்குக்குக் கொடுத்துவிட்டு, பார்க்கிங் ஸ்டிக்கருக்கு வேறு ஏற்பாடு கேளுங்க.

3. உள்பக்கக் கண்ணாடியில் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, முழுதாகக் காய விடுங்க.

4. தாளை உரிக்காமலேயே டேக்கை அந்த இடத்தில் வைத்துப் பாருங்க. கேமரா மறைகிறதா? ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் பார்வை மறைகிறதா? கூரை விளிம்பின் இரும்பில் இருந்து கொஞ்சம் இடைவெளி இருக்கிறதா?

5. எல்லாம் சரி என்றால் தாளை உரித்து, மடங்காமல், காற்றுக் குமிழி இல்லாமல், நடுவில் இருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டுங்க.

6. ஒட்டியதும் நம்பர் பிளேட்டும் டேக்கும் தெரிகிற மாதிரி காரின் முன்பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. 'உங்கள் வாகனத்தை அறிவோம்' எனும் கேஒய்வி சரிபார்ப்பு கேட்கப்பட்டால் கார்களுக்குத் தேவைப்படுவது இந்த முன்பக்கப் படம்தான். டேக்கை மிரர் முழுதாக மறைத்துவிட்டால் கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்து எடுக்க வேண்டியிருக்கும்.

7. டேக் சேஸிஸ் எண்ணில் வழங்கப்பட்டிருந்தால், வண்டி வாங்கிய 90 நாட்களுக்குள் பதிவு எண்ணை அதில் சேர்க்க மறக்காதீங்க.

சன் ஃபிலிம், கண்ணாடி மாற்றம்: இரண்டு எச்சரிக்கைகள்

வெயில் தாங்கவில்லை என்று முன்கண்ணாடியில் ஃபிலிம் ஒட்ட நினைப்பவர்கள், கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இதுல உலோகம் கலந்திருக்கா?" உலோகம் கலந்த ஃபிலிம், பூச்சுள்ள கண்ணாடியைப் போலவே சிக்னலைத் தடுக்கும். அதோடு, முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

இரண்டாவது, கல் அடித்துக் கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால், பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும். புதுக் கண்ணாடி முன்பு இருந்த அதே வகையா என்று கேளுங்க. பூச்சில்லாத கண்ணாடி இருந்த இடத்தில் பூச்சுள்ளது வந்தால் டேக் ஒட்டும் இடமும் மாறும். வேலை முடிந்ததும் அடாஸ் கேமராவை மறுபடி அளவுத்திருத்தம் செய்யச் சொல்லி, அதன் பிறகு புது டேக்கை ஒட்டணும்.

இனிமேல் இது ஏன் இன்னும் முக்கியம்?

இன்றைக்குக் கை ரீடர் வைத்திருக்கும் ஊழியர் காப்பாற்றிவிடுகிறார். ஆனால் தடுப்புக் கட்டையே இல்லாமல், வண்டி வேகம் குறைக்காமல் போகும்போதே கட்டணம் எடுக்கும் முறையை நோக்கி இந்தியா நகர்கிறது. முதல் கட்டமாக குஜராத்தில் தேசிய நெடுஞ்சாலை 48-ல் உள்ள சோர்யாசி சுங்கச்சாவடியில் இதைக் கொண்டுவர 2025 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த முறையில் உயரத்தில் உள்ள ரீடர்கள் டேக்கைப் படிக்கும், கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படிக்கும். அங்கே நின்று, ரிவர்ஸ் எடுத்து, இன்னொரு தடவை முயற்சி செய்ய வாய்ப்பில்லை. கை ரீடரோடு ஓடி வர ஆளும் இருக்க மாட்டார். ஓடுகிற வண்டியில் டேக்கைப் படிக்க ரீடருக்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு.

கார் புக் செய்தவர்கள் இப்போதே செய்ய வேண்டியது

புதிய கார்களில் பெரும்பாலும் டெலிவரிக்கு முன்பே ஷோரூமில் ஃபாஸ்டேக்கை ஒட்டிவிடுகிறார்கள். ஒரு நாளில் பல கார்களைத் தயார் செய்கிற அவசரத்தில், எல்லாக் காருக்கும் ஒரே இடத்தில் ஒட்டுவதும் நடக்கும். அதனால் டெலிவரி நாளுக்கு முன்பே சேல்ஸ் பிரதிநிதிக்கு ஒரு போன் போட்டு, "நான் வந்த பிறகு ஒட்டுங்க, இல்லன்னா கையேட்டில் சொன்ன இடத்தில் ஒட்டுங்க" என்று சொல்லி வைத்துவிடுங்க. டெலிவரி எடுத்த பிறகு முதல் டோல்கேட்டில் கட்டை தானாகத் திறக்கிறதா என்று பாருங்க. திறக்கவில்லை என்றால், சர்வீஸுக்குப் போகும் வரை தள்ளிப்போடாமல் உடனே ஷோரூமில் சொல்லி இடத்தைச் சரிபார்த்து மாற்று டேக் கேளுங்க.